துருப்பிடித்த எஃகுச் சுருள் மாடல்: அறிகுறி பார்த்துக் கோளாறு களைதல்

ரயில் மாடல் செய்பவர்களுக்கு எஃகுச் சுருள், அதாவது நீளமான எஃகுத் தகட்டைச் சுருட்டி வைத்தது, ஓர் ஏமாற்றுக்காரச் சரக்கு. தூரத்திலிருந்து பார்த்தால் நடுவில் துளை விட்ட உருளை, அவ்வளவுதான். செய்து வேகனில் ஏற்றிய பிறகு ஏதோ ஒன்று கண்ணை உறுத்தும். என்னவென்று உடனே பிடிபடாது. நிறத்தின் மேல் பழியைப் போட்டு இன்னொரு முறை துரு பூசுவோம். என் முதல் சுருளுக்கு நானும் மூன்று முறை அப்படிப் பூசினேன். கோளாறு நிறத்தில் இல்லை, தகட்டுக்குப் பதிலாகத் தாள் பட்டையைக் கம்பியில் சுற்றிய விதத்தில் இருந்தது. அதனால் இங்கே நிறத்தைப் பின்னால் தள்ளியிருக்கிறேன். மேலிருந்து வரிசையாகப் பாருங்கள். முதல் சில அறிகுறிகள் உங்கள் சுருளில் இல்லை என்று உறுதியான பிறகு பிரஷ்ஷைக் கையில் எடுங்கள்.

மூன்று சொற்களை, ஒவ்வொன்றையும் அதற்கான பொருளில் மட்டும், பயன்படுத்தப் போகிறேன். நடுத் துளை கண். தகட்டின் விளிம்புகள் வட்ட வட்டமாகத் தெரியும் இரு பக்கங்களும் முகம். வளைந்த வெளிப்பரப்பு முதுகு.

அறிகுறி: சுருள் சக்கரம் போலவோ பீப்பாய் போலவோ தெரிகிறது

முதலில் அளவுகோலை எடுங்கள். தொழிற்சாலைச் சுருள்களின் கண் பெரும்பாலும் 508, 610, 762 மி.மீ. என்ற மூன்று அளவுகளில் ஒன்றாக இருக்கும். வெளி விட்டம் 2 மீட்டரைச் சுற்றி முடிந்துவிடும். ஒரு நல்ல நடுத்தரச் சுருளுக்கு வெளி விட்டம் 1,800, கண் 610, அகலம் 1,200 மி.மீ. என்று வைத்துக்கொள்ளலாம். எச்.ஓ. அளவில், அதாவது 1:87-இல், இது 20.7, 7, 13.8 மி.மீ. ஆகும். 1:76-இல் 23.7, 8, 15.8. என் அளவான 1:160-இல் 11.25, 3.8, 7.5.

கண்ணைப் பெரிதாக்குவதுதான் அதிகம் நடக்கும் தவறு. கையில் கிடைத்த பென்சிலையோ குழாயையோ வைத்துச் சுற்றினால் கண் 9, 10 மி.மீ. ஆகிவிடும். எச்.ஓ. அளவில் 10 மி.மீ. கண் என்றால் நிஜத்தில் 870 மி.மீ. சுருளின் கனம் அந்த இடத்திலேயே போய்விடும். 7 மி.மீ. கம்பி கிடைக்காவிட்டால் மெல்லிய கம்பியில் தாளைச் சுற்றி 7 மி.மீ. ஆக்கி, அதன் மேல் சுற்றுங்கள். கண்ணின் உட்புறம் வெறும் துளையாக, மறுபக்கம் தெரிய இருக்க வேண்டும். மரக்கட்டையில் சுற்றி அதை உள்ளேயே விட்டுவிட்டுக் கருப்புப் பொட்டு வைத்து ஒப்பேற்றியது எந்தக் கோணத்திலும் காட்டிக்கொடுத்துவிடும்.

அளவெல்லாம் சரி, ஆனாலும் சக்கரம் போலத்தான் இருக்கிறது என்றால் முகத்தைப் பாருங்கள். அங்கே சுற்றுகளின் கோடுகள் தெரியவில்லை என்றால் அது சுருளே இல்லை. மரத்தில் கடைந்தெடுத்தோ பிரின்டரில் அச்சிட்டோ செய்தவற்றில் இது நடக்கும். அதைக் காப்பாற்ற வழி உண்டு. சுருளைக் கம்பியில் செருகி, கை டிரில்லில் மாட்டி, மிக மெதுவாகச் சுழலவிட்டு, முகத்தில் பித்தளைக் கம்பி பிரஷ்ஷையோ ஊசி முனையையோ இலேசாக வையுங்கள். வரும் கோடுகள் தனித்தனி வட்டங்களாக இருக்கும், உண்மையான சுருள்கோடாக இருக்காது. இந்த அளவில் அந்த வித்தியாசம் யார் கண்ணுக்கும் தெரியாது.

அறிகுறி: சுற்றும்போதே நடுப்பகுதி கூம்பாக வெளியே தள்ளுகிறது

எஃகு ஆலைகளிலும் இதே கோளாறு வருவது உண்டு. தொலைநோக்கிக் குழாய் நீள்வது போல உள் சுற்றுகள் நகர்ந்து வெளியே வந்துவிடும். மாடலில் இதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று, தாள் பட்டையின் அகலம் ஒரே சீராக இல்லை. இரண்டு, பட்டை கம்பிக்குச் செங்குத்தாகத் தொடங்கவில்லை. தொடக்கத்தில் அரை டிகிரி சாய்ந்தால்கூட அறுபதாவது சுற்றில் அது மலை போலத் தெரியும்.

தீர்வு கைப்பழக்கத்தில் இல்லை, சின்னக் கருவியில் இருக்கிறது. இரண்டு அக்ரிலிக் துண்டுகளில் கம்பி நுழையும் துளை போடுங்கள். இரண்டுக்கும் நடுவே சுருளின் அகலத்தை விட ஒரு மயிரிழை மட்டும் கூடுதலாக இடைவெளி விட்டுக் கம்பியில் பொருத்துங்கள். பட்டை அந்தச் சுவர்களுக்கு நடுவே சுற்றிக்கொண்டு போகும், நகர இடமிருக்காது. கண்ணாடி போன்ற அக்ரிலிக் என்றால் முகத்தைப் பார்த்துக்கொண்டே சுற்றலாம்.

ஏற்கெனவே சுற்றிய சுருள் கூம்பாகிவிட்டது, பசை இன்னும் போடவில்லை என்றால், சமதளமான இரண்டு பரப்புகளுக்கு நடுவே வைத்து மெதுவாக அழுத்தினால் சரியாகிவிடும். பசை போட்டாயிற்று என்றால் உப்புத்தாளில் தேய்த்துச் சமப்படுத்தப் போகாதீர்கள், அது கீழே வரும் பஞ்சு முகக் கோளாறுக்கு அழைத்துப் போகும். 0.2 மி.மீ. வரையிலான நகர்வை அப்படியே விட்டுவிடுங்கள். எச்.ஓ.வில் அது நிஜத்தின் 17 மி.மீ. தான். நிஜச் சுருளின் முகமும் பளிங்கு போல இருப்பதில்லை, அங்கங்கே ஓரிரு சுற்றுகள் சற்றே துருத்திக்கொண்டிருக்கும். எல்லாம் மிகச் சரியாக அமைந்துவிட்ட சுருளில் நானே பல்குத்தும் குச்சியால் இரண்டு மூன்று சுற்றுகளை உள்ளே தள்ளிவிடுவேன்.

அறிகுறி: கையை எடுத்ததும் சுருள் விரிந்துவிடுகிறது, அல்லது சுற்றுகள் பலகோணமாக உடைகின்றன

இது பசைப் பிரச்சினை என்றுதான் எல்லோரும் நினைப்போம். பல நேரம் இது தாளின் நார் ஓடும் திசைப் பிரச்சினை. தாளில் நார்கள் ஒரு திசையில் படுத்திருக்கும். அந்தத் திசைக்கு இணையாகத் தாள் எளிதாக வளையும், குறுக்கே வளைத்தால் முரண்டு பிடிக்கும். ஆகவே நார் திசை கம்பிக்கு இணையாக, பட்டையின் அகலவாக்கில் வர வேண்டும். சாதாரண ஏ4 தாள் பெரும்பாலும் நீளவாக்கில் நார் ஓடுவது. பட்டையை நீளப் பக்கமாக வெட்டினால் நமக்குத் தலைகீழாகிவிடும், 210 மி.மீ. உள்ள குறுக்குப் பக்கமாக வெட்ட வேண்டும். சந்தேகமிருந்தால் தாளை இரு பக்கமும் மடிக்காமல் வளைத்துப் பாருங்கள், இலகுவாக வளையும் பக்கத்தை விரல் சொல்லிவிடும்.

எவ்வளவு பட்டை தேவை என்ற கணக்கு இது: 0.1 மி.மீ. தாளில் மேலே சொன்ன எச்.ஓ. சுருளுக்குச் சுமார் 68 சுற்று, 3 மீட்டர் நீளம். அதாவது 210 மி.மீ. துண்டுகள் பதினைந்து. இவற்றை ஒட்டும்போது ஒன்றின் மேல் ஒன்று ஏற்றி ஒட்டாதீர்கள். முனையும் முனையும் இடித்து நிற்க வையுங்கள். மேலேறிய ஒட்டு ஒவ்வொன்றும் முதுகில் ஒரு மேடாக எழும்பும்.

அலுமினியத் தாளைப் பற்றிக் கேட்பவர்கள் உண்டு. 0.016 மி.மீ. தடிமனுள்ள தாள் 1:87-இல் 1.4 மி.மீ. தகடாகும், கணக்கில் அழகாக உட்காரும். ஆனால் அதே சுருளுக்குச் சுமார் 18 மீட்டர் சுற்ற வேண்டும், ஒவ்வொரு சுருக்கமும் முகத்தில் தெரியும், நிறமும் நன்றாகப் பிடிக்காது. துருப்பிடித்த சுருளுக்குத் தாள்தான் நல்லது என்பது என் முடிவு. பளபளக்கும் சுருள் செய்ய நினைத்தால் வேறு கதை.

பசை விஷயத்துக்கு வருகிறேன். வெள்ளைப் பசையை ஒவ்வொரு சுற்றிலும் தடவினால் அதன் ஈரத்தில் தாள் ஊதி அலையலையாகும். முதல் சுற்றுக்கும் கடைசிச் சுற்றுக்கும் மட்டும் அதைக் கொஞ்சமாக வைத்து, சுருள் முழுவதையும் முகத்தின் வழியாக நீர் போல ஓடும் வகைச் சூப்பர் க்ளூவைச் சொட்டு விட்டு இறுக்குங்கள். அது தானாகவே சுற்றுகளுக்கு நடுவே ஊறிப் போகும். ஒரே நேரத்தில் நிறைய ஊற்றக் கூடாது. தாளில் அது சூடேறிப் புகையும், அந்தப் புகை கண்ணையும் மூக்கையும் எரிக்கும். ஜன்னல் திறந்திருக்கட்டும், இடையிடையே ஆறவிடுங்கள். கம்பி ஒட்டிக்கொள்ளாமல் இருக்க அதன் மேல் முன்கூட்டியே மெழுகு தேய்த்திருக்க வேண்டும்.

வெளி முனையைச் சுருளின் அடியில், வேகனில் அதை ஏந்தி நிற்கும் சரிவான தாங்கியில் உட்காரும் இடத்துக்கு அருகே வரும்படி முடியுங்கள். மேலே வந்தால் எவ்வளவு அழுத்தி ஒட்டினாலும் தாள் என்பது தெரிந்துவிடும்.

அறிகுறி: தாள் திடீரென்று கறுத்துவிட்டது

ரசீது அச்சிடும் ரோலைப் பயன்படுத்தியிருப்பீர்கள். மெலிதாக, நீளமாக, ஒட்டே தேவைப்படாமல் கிடைப்பதால் பலரும் எடுப்பது அது. ஆனால் அது வெப்பத்தில் கறுக்கும் பூச்சுள்ள தாள். ஆல்கஹால் பட்டாலும், உலர்த்தியின் சூடு பட்டாலும் கறுக்கும். மேலே பிரைமர், அதாவது நிறத்துக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு, வரப் போகிறது என்றால் கவலையே இல்லை. தாளின் நிறத்தையே அடிநிறமாக விட நினைத்தால் மட்டும் வேறு தாளுக்கு மாறுங்கள்.

அறிகுறி: முகம் பஞ்சு பஞ்சாக இருக்கிறது

இறுகாத தாளை உப்புத்தாளில் தேய்த்திருக்கிறீர்கள். முகத்தில் சூப்பர் க்ளூ ஊறிக் காய்ந்து, நகத்தால் தட்டினால் கட்டை போலச் சத்தம் வர வேண்டும். அதற்குப் பிறகு 600 எண் உப்புத்தாளைச் சமதளத்தில் வைத்து, சுருளை அதன் மேல் நான்கைந்து முறை சுழற்றினால் போதும்.

அறிகுறி: பிரைமர் அடித்த பிறகு கோடுகள் காணாமல் போய்விட்டன

பிரஷ்ஷால் பூசிய பிரைமர் சுற்றுகளின் இடைவெளியை அடைத்துவிட்டது. முகத்துக்கு எப்போதும் தூவல்தான், அதுவும் பனி படிந்தது போல. ஏர்பிரஷ் இல்லையென்றால் இன்னொரு வழி இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்த வழியும் அதுதான்: சாம்பல் அல்லது கருப்பு நிறத் தாளிலேயே சுருளைச் சுற்றிவிடுவது. முகத்துக்குப் பிரைமரே வேண்டாம். நீர்த்த பழுப்பு நிறத்தை ஓடவிட்டால் கோடுகள் தாமாக எழுந்து வரும். ஏற்கெனவே அடைபட்டதை மேலே சொன்ன டிரில், பித்தளை பிரஷ் வழியில் ஓரளவு மீட்கலாம்.

அறிகுறி: துரு செங்கல் போல, அல்லது பொம்மைக்கு அடித்த ஆரஞ்சு போல இருக்கிறது

இங்கே சற்று நின்று பேச வேண்டும்.

துரு என்ற ஒரே நிறம் கிடையாது. சூடாக உருட்டிய எஃகுத் தகடு ஆலையிலிருந்து வரும்போது நீலம் கலந்த கருஞ்சாம்பல் நிறத்தில் இருக்கும். அது மில் ஸ்கேல் எனப்படும் ஆக்சைடுப் படலம். இந்தப் படலத்தை அடுத்த ஆலையில் அமிலத்தில் கழுவி எடுத்துவிடுவார்கள் என்பதால், இவ்வகைச் சுருள்கள் வெட்டவெளியில் கிடந்தாலும் திறந்த வேகனில் போனாலும் யாரும் பெரிதாகக் கவலைப்படுவதில்லை. குளிராக உருட்டிய தகடு அப்படியல்ல. அதன் பளபளப்புக்குத்தான் மதிப்பு, எண்ணெய் தடவி, உறை சுற்றி, மூடிய வேகனில் அனுப்புவார்கள். துத்தநாகம் பூசிய தகட்டில் முதலில் வருவது வெண்மையான படிவு, காவி அல்ல. ஆக, நீங்கள் துருப்பிடித்த சுருள் செய்கிறீர்கள் என்றால் அது அநேகமாகச் சூடாக உருட்டிய சுருள். அதன் அடிநிறம் கருஞ்சாம்பல்தான். காவியின் மேல் காவி அடித்துக்கொண்டே போனால் செங்கல்தான் வரும்.

அப்புறம், ஈரம் எங்கே நின்றிருக்கும் என்று கேளுங்கள். மழை முதுகின் மேற்பகுதியில் விழுந்து வழிந்துவிடும், வெயிலில் சீக்கிரம் காயும். முகத்தில் எல்லாமே தகட்டின் விளிம்பு. சுற்றுகளின் நடுவே தண்ணீர் ஊறி நிற்கும், எளிதில் உலராது. அடியில், தாங்கியைத் தொடும் இடத்தில், எப்போதும் ஈரம். இதிலிருந்தே பூச்சு வரிசை கிடைத்துவிடுகிறது.

முழுச் சுருளுக்கும் நீலம் கலந்த கருஞ்சாம்பல். முகங்களுக்கு அடர் பழுப்பு, கிட்டத்தட்ட முழுவதும், ஆனால் கோடுகளை அடைக்காமல். முதுகில் அதே பழுப்பைக் கிழிந்த ஸ்பாஞ்சுத் துண்டால் ஒற்றுங்கள், இரு விளிம்புகளிலும் நெருக்கமாக, நடுவே அங்கங்கே சாம்பல் தெரியும்படி. அதன் மேல் செங்காவி, அதைவிடக் குறைவாக. பளிச்சென்ற ஆரஞ்சு கடைசியில், ஊசி முனை அளவுக்கு, புதிதாகத் துருப்பிடித்த கீறல்களிலும் அடிப்பகுதியிலும் மட்டும். புதுத் துரு ஆரஞ்சாக இருக்கும், பழையது இருண்டுகொண்டே போகும். நாள்பட்ட சுருளில் ஆரஞ்சு அதிகமாக இருந்தால் பார்ப்பவர் நம்பமாட்டார். கண்ணின் உட்புறத்தைக் கருப்புக்கு அருகே வைத்திருங்கள். முழுக் கருப்பு வேண்டாம், அடர் பழுப்பில் ஒரு துளி கருப்பு போதும்.

வழிந்த தடங்கள் மேலிருந்து கீழே நேராக வர வேண்டும். முகத்தில் வட்டக் கோடுகளோடு சேர்த்து வட்டமாகத் துருவை இழுத்துவிடுவது பழக்கத்தில் வரும் பிழை. தண்ணீருக்கு வட்டம் தெரியாது, கீழே போகத்தான் தெரியும்.

முற்றத்தில் சுருள்களை ஒன்றின் மேல் ஒன்றாக, கீழ் வரிசை இரண்டின் நடுவே மேல் வரிசையில் ஒன்று என்று அடுக்குவார்கள். ஆகவே ஒன்றையொன்று தொட்ட இடங்களில், சுருளின் தோள்பட்டை போன்ற பகுதிகளில், குறுக்கே ஓடும் உராய்ந்த தழும்புகள் இருக்கும். மெல்லிய பென்சில் கோட்டால் இதைக் காட்டிவிடலாம். நான் செய்தவற்றில் இந்த ஒரு தழும்பு கொடுத்த உயிரை வேறு எந்தப் பூச்சும் கொடுக்கவில்லை.

அறிகுறி: மூன்று சுருள்களும் ஒரே அச்சில் வார்த்தது போல இருக்கின்றன

ஒரே நாளில், ஒரே கிண்ணத்தில் கலந்த நிறத்தில் பூசியிருப்பீர்கள். ஒன்று நேற்று வந்தது, ஒன்று ஒரு மழைக்காலம் பார்த்தது என்று மனத்தில் வைத்துக்கொண்டு பூசுங்கள். அகலத்தையும் விட்டத்தையும்கூட 1 மி.மீ. மாற்றிச் சுற்றலாம்.

அறிகுறி: துருப் பவுடர் வார்னிஷ் அடித்ததும் மறைந்துவிட்டது

வார்னிஷில் நனைந்த பவுடர் இருண்டு, ஊடுருவித் தெரியத் தொடங்கும். தேவைக்கு மேல் இரு மடங்கு பவுடர் போட்டு அடிப்பது ஒரு வழி. எனக்கு அது பிடிக்காது, விளைவைக் கணிக்க முடிவதில்லை. சுருளை அடிக்கடி தொடப் போவதில்லை, கண்ணில் குச்சியை விட்டுத் தூக்கினால் போதும். ஆகவே வார்னிஷே வேண்டாம். பவுடர் நிற்க வேண்டிய இடத்தில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலை ஒரு சொட்டு தொட்டு, காயவிடுங்கள்.

வார்னிஷ் அடித்து வெண்பனி போலப் படர்ந்துவிட்டது என்றால் காற்றில் ஈரம் அதிகமாக இருந்திருக்கும். உலர்ந்த நாளில் அதே வார்னிஷை மெலிதாக ஒரு முறை அடித்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும்.

அறிகுறி: உண்மையான இரும்புத் துருவைப் போட்டேன், இப்போது எஞ்சின் முரண்டு பிடிக்கிறது

எஞ்சினை உடனே நிறுத்துங்கள். இரும்புத் தூளையும் ஸ்டீல் உல்லையும் மோட்டாரின் காந்தம் இழுத்துக்கொள்ளும். எஞ்சினைத் திறந்து, காந்தத்தைச் சுற்றியும் பற்சக்கரங்களிலும் ஒட்டும் டேப்பால் ஒற்றி எடுங்கள். தண்டவாளத்தையும் துடையுங்கள்.

நிஜத் துருவின் நிறம் அருமையானது என்பதை மறுக்கவில்லை. சுரண்டி எடுத்த துருவை முகக்கவசம் அணிந்து நன்றாக அரைத்து, மெல்லிய துணியில் சலித்து, காகிதத்தில் பொதிந்த காந்தத்தை அதன் மேல் பல முறை நகர்த்துங்கள். காந்தத்தில் ஒட்டியதைத் தூக்கி எறிந்துவிட்டு, ஒட்டாததை மட்டும் பயன்படுத்துங்கள்.

அறிகுறி: கட்டுப் பட்டைகள் பெல்ட் போலத் தெரிகின்றன

அகலம் அதிகம். நிஜப் பட்டை 32 மி.மீ. என்றால் எச்.ஓ.வில் 0.37 மி.மீ. தான். 1 மி.மீ. டேப் ஒட்டினால் நிஜத்தில் 87 மி.மீ. ஆகிவிடும். கருப்புத் தாளில் புதுப் பிளேடால் கீறி எடுங்கள். முதுகைச் சுற்றி இரண்டு, கண்ணின் வழியாக இரண்டு என்று வைத்தால் நன்றாக அமையும். வெள்ளிநிறம் வேண்டாம்.

அறிகுறி: எல்லாம் சரி, ஆனால் கனமாகத் தெரியவில்லை

எஃகின் அடர்த்தி கன மீட்டருக்கு 7.85 டன். நாம் எடுத்துக்கொண்ட சுருள் நிஜத்தில் சுமார் 21 டன் எடை வரும். 60 டன் ஏற்றும் வேகனில் இப்படி மூன்றை வைத்தாலே வரம்பைத் தொட்டுக் கொஞ்சம் தாண்டிவிடும். எனவே ஒரு வேகனில் இரண்டு, அல்லது சற்றுச் சிறிய சுருள்களாக மூன்று. வரிசையாக ஆறு ஏழு சுருள்களை அடுக்கிய வேகன், பார்ப்பவருக்குக் காரணம் தெரியாவிட்டாலும், காலி டப்பாக்களை ஏற்றியது போலத்தான் தோன்றும். நடுவே விடும் வெற்றிடம்தான் எடையைச் சொல்கிறது. இரண்டு சுருள் என்றால் வேகனின் நடுப்புள்ளியிலிருந்து இரு பக்கமும் சம தூரத்தில் வையுங்கள்.

அடுத்து, சுருள் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள். தாங்கியின் இரு சரிவுகளிலும் அது இரண்டு கோடுகளாகத் தொட வேண்டும், நேர் அடியில் சிறு இடைவெளி தெரிய வேண்டும். அடித்தளத்தில் ஒரே கோட்டில் நின்றால் உருண்டுவிடப் போகிறது என்ற உணர்வு வரும். சரிவுகளில் ஒரு பக்கம் மட்டும் தொட்டு மறுபக்கம் ஒளி ஊடுருவினால் சுருள் மிதக்கிறது என்று பொருள். தொடும் இடத்தில் தாங்கியின் மேல் கொஞ்சம் அடர் துருவைத் தடவுங்கள், இரண்டும் சேர்ந்து பிறந்தது போல ஆகிவிடும்.

அறிகுறி: வேகன் வளைவில் தடம் புரள்கிறது

தாள் சுருளின் எடை மூன்று நான்கு கிராம்தான். அதே அளவில் திண்ணமான எஃகில் கடைந்தால் 32 கிராம் வரும். அமெரிக்காவின் தேசிய மாடல் ரயில் சங்கமான என்.எம்.ஆர்.ஏ.வின் ஆர்.பி. 20.1 பரிந்துரைப்படி, எச்.ஓ. வேகனுக்கு அடிப்படையாக 1 அவுன்ஸ், பிறகு நீளத்தின் ஒவ்வோர் அங்குலத்துக்கும் அரை அவுன்ஸ். 6 அங்குல வேகனுக்கு மொத்தம் 4 அவுன்ஸ், அதாவது சுமார் 113 கிராம். சுருளோடு சேர்த்து நிறுத்துப் பார்த்துக் குறைவதை வேகனின் தரைக்கு அடியில் ஈயத் துண்டாக ஒட்டுங்கள். கண்ணுக்குள் எடையைத் திணிக்காதீர்கள். எடை உயரத்தில் ஏறினால் வளைவில் சாய்வு இன்னும் கூடும், சுருளின் கண்ணும் அடைபட்டுவிடும்.